சிம்மத்துக்கு மறைவு

உக்காருங்க, உக்காருங்க. பின்னாடி நிக்கிற அண்ணாச்சிமாரும் முன்னாடி வரலாம், நான் யாரையும் எழுப்பிக் கேள்வி கேக்கப் போறதில்ல. இந்த ஓரத்து நாற்காலி மட்டும் காலியாவே இருக்கட்டும், அதுல யாரும் உக்கார வேண்டாம். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். நம்ம சங்கத்து நோட்டீஸ்ல 'நெருக்கடி காலத்தில் தொழிலை நடத்துவது எப்படி'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, ஆளாளுக்குப் பேனாவ வேற திறந்து வச்சிருக்கீங்க, இவன் அஞ்சு பாயிண்டு சொல்லுவான், எழுதிட்டுப் போயி கடையத் தூக்கி நிறுத்திரலாம்னு. அஞ்சு பாயிண்டு சொல்றதுக்கு மெட்ராஸ்ல இருந்து கோட்டு போட்ட ஒருத்தர் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்றாரு. இன்னும் சில பேரு எங்க மொதலாளி தவசிலிங்கம் அண்ணாச்சி பேசுவாருன்னு வந்திருப்பீங்க. பேசப்போறது நான். பேரு வனராஜ், அவரு கம்பெனியில ஆர்டர் பாக்குறவன். அண்ணாச்சி வந்திருக்காரா இல்லையாங்குறத கடைசியில நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க. இன்னும் நாலு பேரு, இவன் மிமிக்ரி பண்ணுவானே, அத எப்ப பண்ணுவான்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க. வரும், அவசரப்படாதீங்க.

எங்களுது காலண்டர் கம்பெனி. தினசரி கிழிக்கிற காலண்டர். மேல சாமி படம் போட்ட அட்டை, கீழ தேதிக் கட்டு, தேதிக்குக் கீழ ராகுகாலம், எமகண்டம், அதுக்கும் கீழ பன்னெண்டு ராசிக்கும் ஒத்த ஒத்த வார்த்தையில பலன். மேஷம் வரவு, ரிஷபம் செலவு, மிதுனம் பகை, கடகம் பரிசு, இப்படி. அந்த ஒத்த வார்த்தையப் பாக்காம சட்டை மாட்டாத ஜனம் நம்ம ஜனம். ஆனாலும் போன வருசம் எங்களுக்கு ஆகாத வருசமாத்தான் விடிஞ்சது. பேப்பர் வெல ஏறுது, தேதி பாக்க எல்லார் கையிலயும் போன் இருக்கு, எப்பவும் வாங்குற ஜவுளிக்கடைக்காரங்க இந்தத் தடவ பாதி போதும்ங்குறாங்க, எங்க தெருவுலயே பக்கத்துல பக்கத்துல ரெண்டு பிரஸ்ஸு ஷட்டர இறக்கிட்டாங்க. அண்ணாச்சி ஒன்னுக்கும் அசரல. எது கேட்டாலும் ரெண்டு தடவ தொண்டையச் செருமுவாரு, ஈரச் சாக்கத் தரையில இழுத்த மாதிரி ஒரு கொரல், "அதாகப்பட்டது..." அப்படின்னு ஆரம்பிப்பாரு, "ஆகட்டும், பாப்பம்" அப்படின்னு முடிப்பாரு. நடுவுல ஒன்னும் இருக்காது. அதக் கேட்டுட்டு ஆளுக மனசு லேசாயி மிஷினப் போட்டு விட்டுருவாங்க. நான் அதே மாதிரி செருமிக் காட்டுனா மிஷின் ஆளுக சிரிச்சுச் சிரிச்சு வயித்தப் புடிப்பாங்க, அண்ணாச்சி ரூமுக்குள்ள இருந்து "ஏலே, நான்தான்னு நெனச்சு நானே திரும்பிப் பாத்துட்டேம்லே"ம்பாரு.

தை மாசத்துல, பொங்கல் முடிஞ்ச கையோட, எங்க காலண்டர்ல போட்டிருந்த பலன் பலிக்க ஆரம்பிச்சது.

வேற கம்பெனி காலண்டர்ல எல்லாம் பழையபடி ஒன்னும் நடக்கல. எங்க காலண்டர் தொங்குற வீட்டுல, கடையில, ஆபீஸ்ல இருக்குற அத்தன பேருக்கும் போட்டது போட்டபடி நடந்துச்சு. கன்னிக்குப் பரிசுன்னு போட்ட அன்னிக்கு ஊருல இருக்குற கன்னி ராசிக்காரங்க எல்லார் வீட்டுக்கும் எவனோ ஒருத்தன் பிளாஸ்டிக் வாளியாவது கொண்டாந்து குடுத்துட்டுப் போனான். மகரத்துக்கு மறதின்னு போட்ட அன்னிக்கு ஒரு டவுன் பஸ் டிரைவரு ஸ்டாப்பெல்லாம் மறந்து, பஸ்ஸ நேரா ஓட்டிட்டுப் போயி அவரு மாமியா வீட்டு வாசல்ல நிறுத்துனாரு, உள்ள இருந்த ஜனமும் எறங்கி காப்பி குடிச்சுட்டுத்தான் வந்துச்சு. ஏன் இப்படி, எதுனாலன்னு ரெண்டு நாள் பேசுனாங்க, அப்புறம் யாரு பேசுறா, அவங்கவங்க பொழப்பு இருக்குல்ல. துலாத்துக்குப் பகைன்னு போட்ட அன்னிக்கு துலா ராசிப் பொம்பளைக காலையிலயே டிபன் கட்டி புருசன அடுத்த ஊருக்கு அனுப்பி வச்சாங்க. தனுசுக்கு அலைச்சல்ன்னா தனுசு ராசிக்காரங்க முந்தின நாளே செருப்பத் தச்சு வச்சுக்கிட்டாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டர் தலைக்கு மேல எங்க காலண்டர், புகார் குடுக்க வர்றவன்கிட்ட மொதக் கேள்வி, "ஏப்பா, உன் ராசி என்ன?" ஒரு மரியாதையும் தானா உண்டாச்சு. நாளைய தாளத் தூக்கிப் பாக்குறது, அடுத்த வீட்டு அடுப்படிய எட்டிப் பாக்குற மாதிரின்னு ஆகிப்போச்சு. அன்னன்னிக்குள்ளத அன்னன்னிக்குக் கிழி. மிச்சத்த துணி கிளிப்பு போட்டு மூடி வை.

பங்குனியிலயே ஏஜெண்டுக போன் அடிச்சாங்க. வருசம் பாதி போகல, எங்களுக்குக் காலண்டர் வேணும்ங்குறாங்க. மூடப்போற கம்பெனி மறுபடி ஓடுச்சு. எல்லாரும் சிரிச்ச மொகமா இருந்தோம், ஆழ்வார்சாமி வாயப் பொத்திக்கிட்டு என் முன்னாடி வந்து நிக்கிற வரைக்கும்.

ஆழ்வார்சாமி எங்க பிழை திருத்துறவரு. வேலைக்காகத் தாள முன்கூட்டிப் புரட்டுறதுக்கு ஊருல அவரு ஒருத்தருக்குத்தான் பாத்தியதை. ஆனி மாசத்து ஒரு வெள்ளிக்கிழமைத் தாள எடுத்து என் கையில குடுத்தாரு. சிம்மத்துக்கு நேரா 'நிறைவு'ன்னு இருக்க வேண்டிய எடத்துல 'மறைவு'ன்னு இருந்துச்சு. ஒத்த எழுத்து. 'நி' போயி 'ம' உக்காந்திருக்கு. ஆழ்வார்சாமி தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "வனராஜு, எல்லாக் கட்டுலயும் இப்படித்தான் விழுந்திருக்கு. தமிழ்நாடு பூரா செவுத்துல தொங்குது."

நானும் அவரும் அண்ணாச்சி ரூமுக்குப் போனோம். அண்ணாச்சி தாள வாங்கிப் பாத்தாரு, பேனாவ எடுத்தாரு, 'ம'வ அடிச்சுட்டு மேல 'நி'ன்னு எழுதினாரு. நாங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே மை உள்ள இழுத்துக்கிருச்சு, பழையபடி 'ம'. வெள்ளத்தாள் ஒட்டிப் பாத்தோம், ஒட்டுன தாளுக்கு மேல 'ம' ஏறி வந்துச்சு. கிழிச்சுப் போட்டா, அடுத்த தாளுக்கு எறங்கிருச்சு, காலண்டரையே கழட்டி வச்சா, ஆணிக்குக் கீழ செவுத்துலயே வந்து உக்காந்துக்கிருச்சு. அண்ணாச்சிக்கு சிம்ம ராசி, மக நட்சத்திரம். அத எங்களுக்குச் சொன்னது அவரு வீட்டம்மா முத்துச்செல்வி மதினி. விஷயத்தக் கேட்டதும் அடுப்புல இருந்தத அப்படியே போட்டுட்டு ஆட்டோ புடிச்சு வந்துட்டாங்க.

"என்னங்க, ஊரு ஒலகத்துல சிம்ம ராசிக்காரங்க எத்தன பேரு இருப்பாங்க?"

"பன்னெண்டுல ஒரு பங்கு இருப்பாங்க."

"அத்தன உசுரையும் நீங்க பிரிண்டு போட்டு விட்டிருக்கீங்க."

அண்ணாச்சி ரெண்டு தடவ செருமுனாரு. நாளைக்குப் பேப்பர்ல தப்ப ஒத்துக்கிட்டு விளம்பரம் குடுத்தா கம்பெனி அன்னிக்கே காலி, மிஷின் ஆளுங்க, பைண்டிங் பொம்பளைக, லோடு ஏத்துறவங்கன்னு அத்தன குடும்பமும் நடுரோட்டுல. குடுக்காம இருந்தா, வெள்ளிக்கிழமை என்ன நடக்கும்ங்குறத நெனக்கவே யாருக்கும் தைரியம் இல்ல. "அதாகப்பட்டது," அப்படின்னாரு அண்ணாச்சி. எப்பவும் போல நடுவுல ஒன்னும் இருக்காதுன்னு நெனச்சேன், அன்னிக்கு இருந்துச்சு. "மறைவுன்னா செத்துப்போறதுன்னு யாரு சொன்னா? அது போஸ்டர் அடிக்கிறவன் சொல்றது. மறைஞ்சு இருந்தாலும் மறைவுதான? அன்னிக்குப் பகல் பூரா சிம்ம ராசிக்காரங்க யாரு கண்ணுலயும் படாம ஒளிஞ்சு இருக்கட்டும். வார்த்த பலிச்ச மாதிரியும் ஆச்சு, ஆளு இருந்த மாதிரியும் ஆச்சு. தப்பு எங்க தப்புன்னு கொட்டை எழுத்துல போட்டு, என் பேரையும் போட்டு, விளம்பரம் குடு."

"அண்ணாச்சி, ஏஜெண்டுக ஓடிருவாங்களே," அப்படின்னேன்.

"ஆகட்டும், பாப்பம்."

விளம்பரம் வந்த அன்னிக்கே பாதி ஏஜெண்டுக ஆர்டர வாபஸ் வாங்கிட்டாங்க. ஊரு என்னமோ வேலையப் பாத்துச்சு. பள்ளிக்கூடத்துல சிம்ம ராசி வாத்தியாருக்கும் சிம்ம ராசிப் புள்ளைகளுக்கும் ஒரே நாள்ல லீவு. கல்யாண மண்டபத்துக்காரங்க ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டி, 'ஒளிவிடம், சாப்பாட்டுடன்'ன்னு போர்டு வச்சாங்க. அன்னிக்கு முகூர்த்தம் வேற, ஒரு பொண்ணு சிம்ம ராசி, மாப்பிள்ள திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கைய நீட்டித் தாலியக் கட்டுனான், சரியான ஆளுக்குத்தான் கட்டுனமான்னு சாயங்காலம் வரைக்கும் அவனுக்கு ஒதறல். தாலுகா ஆபீஸ்ல ஒரு கிளார்க்கு மேசைக்கு அடியில உக்காந்தே வேலையப் பாத்தாரு, என்னிக்கும் இல்லாம அன்னிக்குத்தான் மனு நகந்துச்சுன்னு ஜனம் பேசிக்கிச்சு.

எல்லாரும் ஒளிஞ்சாங்க, எங்க அண்ணாச்சியத் தவுர.

"நான் ஒளிஞ்சா கம்பெனி ஒளிஞ்சுருச்சுன்னு அர்த்தம்," அப்படின்னு பிரஸ் வாசல்ல வெயில் படுற எடமாப் பாத்து நாற்காலியப் போட்டாரு. "தப்பு பண்ணவன் எங்கன்னு கேட்டு யாராவது வந்தா ஆளு இருக்கணும்ல." மதினி எதுத்த கடை வாசப்படியில உக்காந்து அவரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கண்ண எடுத்தா போயிருவாரோன்னு இமைக்காமப் பாத்தாங்க. மத்தியானம் போச்சு. வெயில் எறங்குச்சு. போன் அடிச்சது. கும்பகோணத்து சாரங்கன், எங்க ஏஜெண்டுகள்ல பெரிய ஆளு, அவரு ஒருத்தரு விலகுனா மிச்சப் பேரும் பின்னாடியே விலகிருவாங்க. அண்ணாச்சி போன காதுல வச்சு, அவரு சொன்னதெல்லாம் கேட்டுட்டு, ரெண்டு தடவ செருமி, "ஆகட்டும், பா" அப்படின்னாரு.

அம்புட்டுத்தான். நாற்காலியில யாரும் இல்ல. போன் மட்டும் காது இருந்த ஒசரத்துல கொஞ்ச நேரம் நின்னுச்சு, அப்புறம் நாற்காலியில விழுந்துச்சு. உள்ள இருந்து சாரங்கன் "அண்ணாச்சி? ஹலோ? அண்ணாச்சி?"ங்குறாரு. நான் போன எடுத்தேன். ஏன் எடுத்தேன், என்ன நெனச்சு எடுத்தேன்னு கேக்காதீங்க. எடுத்து,

"ப்பம்," அப்படின்னேன்.

"சரிங்கண்ணாச்சி," அப்படின்னு வச்சுட்டாரு.

எதுத்த வாசப்படியில இருந்து மதினி என்னப் பாத்தாங்க. அழுவாங்கன்னு நெனச்சேன். எந்திரிச்சு வந்தாங்க, முந்தானையால நாற்காலியத் தொடச்சாங்க, "இத உள்ள தூக்கிப் போடு, வெயில்ல எம்புட்டு நேரம் இருப்பாரு" அப்படின்னாங்க.

அதுக்கப்புறம் எங்க கம்பெனி ஓடுன ஓட்டம் இருக்கே, அதுதான் நீங்க எழுதிக்கிட்டுப் போக வந்தது. அண்ணாச்சி எங்கன்னு உள்ளூர்ல யாராவது கேட்டா "மறைவுல இருக்காரு"ன்னு சொல்லுவோம், வெளியூர் போயிருக்காருங்குற மாதிரி. கேட்டவங்களும் "வந்தா சொல்லுங்க"ன்னுட்டுப் போயிருவாங்க. மிஷின் ஆளுக காலையில நாற்காலிக்கு வணக்கம் வச்சுட்டு வேலைக்குப் போனாங்க. ரூம்ல ஃபேன் ஓடுச்சு. மதினி அவங்க பொட்ட அழிக்கல, சாப்பாட்டுக் கேரியர் நேரந்தவறாம வந்துச்சு. திருப்பி அனுப்பும்போது காலியா இருக்கணுமேன்னு நான் சாப்பிட உக்காருவேன், சில நாள் எனக்கு முந்தியே காலியா இருக்கும், பூனையா இருக்கும்னு விட்டுட்டேன். வெளியூர் போனுக்கெல்லாம் நான்தான் அண்ணாச்சி. மொதல்ல நின்னுக்கிட்டுப் பேசுனேன். அப்புறம் ரூமுக்குள்ள போயி பேசுனேன். அப்புறம், கதவச் சாத்திட்டு, அந்த நாற்காலியிலயே உக்காந்து பேசுனேன். நாற்காலி எப்பவும் கதகதன்னு இருக்கும், ஜன்னல் வெயிலுன்னு நெனச்சுக்கிட்டேன். பொய் சொல்லுவானேன், எனக்கு அது புடிச்சுப்போச்சு. பேப்பர்காரன அதட்டுனேன், மை கம்பெனிக்காரன நயமாப் பேசி வழிக்குக் கொண்டாந்தேன். ஒரே ஒரு தொந்தரவு, அந்தக் கொரல்ல பேசி முடிச்சா தொண்டை தீயா எரியும், பனங்கற்கண்ட வாயில போட்டாத்தான் அடங்கும்.

அப்பத்தான் வேற ஒரு பிரஸ்காரன், அவன் பேரு வேண்டாம், பஸ் ஸ்டாண்டு செவுறு பூரா போஸ்டர் ஒட்டிட்டான். 'காலண்டர் உலகின் தவசிலிங்கம் மறைவு, கண்ணீர் அஞ்சலி.' அத போட்டோ எடுத்து எல்லா ஏஜெண்டுக்கும் அனுப்பி விட்டுட்டான். நான் கதவச் சாத்தி ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். "அதாகப்பட்டது, எனக்கு ஒட்டுன போஸ்டர நானே பாத்தேன். வாசகம் சரி. போட்டோதான் நல்லா இல்ல." சிரிச்சாங்க. சாரங்கன் மட்டும் சிரிக்கல. "சந்தோசம் அண்ணாச்சி. ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியிடுறப்ப நேர்ல வாரேன். ஒங்க மொகத்தப் பாத்துட்டு ஆர்டர் சொல்றேன். பாக்கலேன்னா, போஸ்டர்காரன்கிட்ட போறேன்."

காலண்டர் தொழில் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அடுத்த வருசத்து மாதிரிகளத் தச்ச ஆல்பத்த ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தான் சாமி முன்னாடி வச்சுத் திறப்போம். அன்னிக்கு ஏஜெண்டு வாயில இருந்து வர்ற ஆர்டர்தான் வருசம் பூரா சோறு. பிரஸ் முன்னாடி பந்தல் போட்டோம். மேடைக்கு நடுவுல ஒரு வெள்ளத் திரை, திரைக்குப் பின்னாடி அண்ணாச்சி நாற்காலி, நாற்காலியில நான், கையில ஒயர் இல்லாத மைக்கு. அண்ணாச்சிக்கு மெட்ராஸ் ஐ, பாத்தாலே ஒட்டிக்கிரும்னு ஏஜெண்டுககிட்ட சொல்லி வச்சிருந்தோம். முன்வரிசைக்காரங்க நாற்காலிய இழுத்துப் பின்னாடி போட்டுக்கிட்டாங்க. சாரங்கன் இழுக்கல. கைகட்டித் திரையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. அவருக்குப் பக்கத்துல மதினி.

ஆல்பத்தத் திறந்தாச்சு. தேங்கா ஒடச்சாச்சு. சாரங்கன் எந்திரிச்சாரு.

"அண்ணாச்சி, ஒன்னு கேக்கணும். பலிக்கிற காலண்டர எவன் வாங்குவான், பயந்து சாவான். பலிக்காத காலண்டர எவன் வாங்குவான், அது எல்லாக் கடையிலயும் இருக்கு. அடுத்த வருசம் என்ன போடப்போறீங்க?"

லோடு ஏத்துறவங்க, பைண்டிங் பொம்பளைக எல்லாரும் ஓரத்துல நின்னு திரையப் பாக்குறாங்க. நான் பதில் தயார் பண்ணித்தான் வச்சிருந்தேன், நல்ல வார்த்தை மட்டும் போடுவோம், பன்னெண்டு ராசிக்கும் லாபம்னு. மைக்க வாய்கிட்ட வச்சு ரெண்டு தடவ செருமுனேன். வந்துச்சு பாருங்க கொரல், பந்தல் கடைசி வரைக்கும் கேக்குற மாதிரி, என் ஆயுசுல அப்படி வந்தது இல்ல.

"அதாகப்பட்டது, நல்லதும் வரும், கெட்டதும் வரும், பழையபடிதான் போடுவேன். எல்லாருக்கும் லாபம்னு போட்டா அது காலண்டர் இல்ல, நோட்டீஸு. ஆனா இனிமே நாலு கண்ணு வாசிக்காம ஒரு தாளு வெளிய போகாது. தப்பு வந்தா ஊர ஒளியச் சொல்லிட்டு நான் வெளிய உக்காருவேன், போன தடவ மாதிரியே. எங்கிட்ட இருக்குற கேரண்டி அது ஒன்னுதான். சாரங்கா, நீ மொத மொதல்ல இங்க வந்தப்ப காய்ச்சல்ல குடோன்ல பேப்பர் கட்டு மேல படுத்துக் கெடந்த. நான் அட்டைய எடுத்து விசிறி விட்டேன். அன்னிக்கு எம்மொகத்தப் பாத்தா ஆர்டர் குடுத்த? கண்ணே திறக்கல நீ."

நான் எழுதி வச்சது ஒன்னு, வந்தது ஒன்னு. குடோன் கதை எனக்குத் தெரியவே தெரியாது. மேடை ஏறுனா அப்படித்தான், வாய்க்குத் தானா வரும்னு எனக்கு நானே மெச்சிக்கிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் சாரங்கன் மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. "நான் போன வருசம் சொன்னதையே இந்த வருசமும் வச்சுக்கிடுங்க அண்ணாச்சி," அப்படின்னாரு. அவரு சொன்னதும் மத்தவங்க மளமளன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, பைண்டிங் பொம்பளைக கொலவ போட்டாங்க. திரை ஓரமா எட்டிப் பாத்தேன், மதினி மட்டும் கை தட்டல, திரைய நேராப் பாத்து, சாப்பிட வாரீகளாங்குற மாதிரி லேசாத் தலைய ஆட்டுனாங்க. கம்பெனியத் தூக்கி நிறுத்தியாச்சு. எம்புட்டு நேரம் அந்தக் கொரல்ல பேசியும் தொண்டை எரியவே இல்ல, பனங்கற்கண்டு மடிச்சது மடிச்சபடி பையில கெடக்கு. இனிமே இந்த நாற்காலி நமக்குத்தான்னு நல்லாச் சாஞ்சு உக்காந்தேன், கதகதன்னு இருந்துச்சு.

அப்பத்தான் மைக்செட்காரன், அந்தோணின்னு பேரு, நம்ம கதை எதுவும் தெரியாத வெளியூர்க்காரன், திரையத் தள்ளிக்கிட்டு அவசர அவசரமா உள்ள வந்தான். வேர்த்து ஒழுகுது. என் கையில இருந்த மைக்கப் பாத்தான், என்னப் பாத்தான், அவன் உள்ளங்கையில இருந்தத விரிச்சுக் காட்டுனான்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி, கூட்டத்துல வர முடியல. உங்க மைக்குக்குப் பேட்டரி எங்கிட்டல்ல இருக்கு. இன்னும் போடவே இல்லியே."